பதினான்கு கடைகளும் ஒரு சனிக்கிழமையும்

1

போன செவ்வாய்க்கிழமை என் தங்கை என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அதைத் தாங்க முடியாமல்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் பேருந்தில் பார்த்த ஒரு முகம், மழையில் நனைந்த ஒரு நாய் என்று ஏதாவது அழகாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனக்குக் கிடைத்தது போனில் வந்த ஒரே ஒரு வாக்கியம்.

"சாரிக்கா. நீ இவ்ளோ கஷ்டப்பட்டுச் சொல்லிக் குடுத்தும் நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்."

அவள் எங்கேயும் கோட்டை விடவில்லை. அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எனக்கும் என் தங்கைக்கும் கோதுமை ஆகாது. கோதுமை, பார்லி, அவற்றின் மாவு பட்ட கரண்டி, அந்தக் கரண்டி பட்ட சோறு, எதுவும் ஆகாது. குளூட்டன் என்று அதில் இருக்கிற ஒன்று எங்கள் குடலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். எனக்கு இது ஆறு வருடம் முன்பே தெரிந்தது. அவளுக்கு இந்த வருடம்தான். ரயில் ஓட்டும் வேலைக்குப் பரீட்சை எழுதி, இரண்டு சுற்று தேறி, கடைசியில் மருத்துவப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டாள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டே முக்கால், அரித்த குடலில் இரும்புச் சத்து ஒட்டவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை, அதிலும் தேறாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த மறுபரிசோதனை வருகிற வியாழக்கிழமை.

மூன்று மாதமும் பொட்டுக் கோதுமை உள்ளே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்தாவது வாரத்தில், ஒரு சனிக்கிழமை, போய்விட்டது.

(இங்கே "விதி" என்று எழுதி அடித்திருக்கிறேன். இந்தக் கதையில் விதிக்கு வேலையே இல்லை.)

2

எத்தனை விதமாகத் தொடங்கிப் பார்த்தேன் என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

தொடக்கம் ஒன்று: "பெருநகரத்தின் ஆயிரமாயிரம் உணவகங்களில் அவளுக்கு மட்டும் ஒரு வாய்ச் சோறு இல்லை, ஏனெனில்..." ஏனெனில் என்றதும் பேனா நின்றுவிட்டது. தர்ம ஆஸ்பத்திரிக்கு நன்கொடை கேட்கிற நோட்டீஸ் மாதிரி இருந்தது.

தொடக்கம் இரண்டில் அக்கா தங்கையை அண்ணன் தம்பியாக மாற்றினேன். யாருக்கும் சந்தேகம் வராது பாருங்கள். அண்ணனுக்கு ஒரு மீசை, ஒரு ஸ்கூட்டர், வங்கியில் ஒரு நாற்காலி எல்லாம் கொடுத்தேன். மீசை வைத்தவுடனே அவன் நியாயஸ்தன் ஆகிவிட்டான். தம்பிக்கு நல்லது நடந்தால் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போகிறான். என்ன செய்தும் அவனுக்கு வயிறு எரியவில்லை. என் பொறாமை எனக்கென்று அளவெடுத்துத் தைத்தது போலிருக்கிறது, அவனுக்குத் தோளில் பிடிக்கிறது.

தொடக்கம் மூன்று: "அக்காவுக்குத் தங்கை என்றால் உயிர்."

இந்த வரியை மட்டும் அடிக்கவில்லை. பொய்யாக இருந்தால் நிம்மதியாக அடித்துவிட்டுப் போயிருப்பேன். நான் பிழைப்புக்கு ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன், அடுத்தவர் எழுதியதில் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். இந்த வரியில் தப்பு எதுவும் இல்லை. அதனால் இதை இங்கேயே விட்டுவிடுகிறேன், இனி வருவதையெல்லாம் இதையும் சேர்த்துத்தான் நீங்கள் படிக்க வேண்டும்.

3

கோதுமை ஆகாதவள் வெளியே சாப்பிடப் போவது எப்படி என்று தெரியாதவர்களுக்காக ஓர் உரையாடல். ஆறு வருடத்தில் இதை நூறு தடவையாவது பேசியிருப்பேன்.

"இந்த சூப்புல மாவு இருக்குங்களா?"

"மாவெல்லாம் கிடையாதுங்க."

"கெட்டியா இருக்கே, எப்படி?"

"அது கொஞ்சம் மைதா கரைச்சு விடுவோம்."

"மைதா மாவுதானேங்க?"

"சூப்புல போட்டா அது மாவு கணக்குல வராதுங்க, கெட்டிக்குத்தான்."

இப்படிப் பேசிப் பேசி, ஏமாந்து ஏமாந்து, இந்த நகரத்தில் பதினான்கு கடைகளைக் கண்டுபிடித்தேன். ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். முதல் இரண்டு வருடம் கடைப் பெயர் மட்டும்தான் எழுதினேன், அதனால்தான் அடிக்கடி விழுந்தேன். பிறகுதான் புத்தி வந்தது. நல்ல கடை என்று ஒன்று கிடையாது. நல்ல நேரம் உண்டு, நல்ல கை உண்டு. ஒரே கடை காலையில் அன்னலட்சுமி, மத்தியானம் எமன். அதனால் என் நோட்டில் ஒவ்வொரு கடைக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருக்கும்.

நான்காவது கடை: கண்ணாடி போட்ட அம்மா பரிமாறினால் மட்டும் உட்கார். வேறு யாராவது இருந்தால் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வா.

ஏழாவது கடை: பதினொன்றரைக்குள். அதற்குப் பிறகு மாவு பிசைகிற பலகையில்தான் காய் நறுக்குகிறார்கள்.

பன்னிரண்டாவது கடை: வெறும் சோறு, அவித்த முட்டை. பக்கத்து மேசையைப் பார்க்காதே.*

பதினான்காவது கடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தள்ளிப்போடுகிறேன் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

* அடிக்குறிப்பு: இந்தக் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு முழு நாள் கழிவறை இருக்கிறது. அதை வர்ணிக்க மாட்டேன். எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது அல்லவா.

4

இப்போது அம்மா.

அம்மாவைக் கெட்டவளாக எழுதிவிட்டால் என் வேலை சுலபம். இரண்டு தடவை முயன்றேன், இரண்டு தடவையும் பாத்திரத்துக்குள் அம்மா அடங்கவில்லை. அவள் நல்லவள். ஆனால் ஆறு வருடமாக நான் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் சொன்னது இதுதான்: "ஒரு வாய் தின்னா என்னடி ஆயிடும்? எல்லாம் உன் மனசுலதான் இருக்கு."

நான் என் டப்பாவில் கொண்டுபோன சோற்றை ஓரமாக உட்கார்ந்து தின்பேன். என் தங்கை (வீட்டில் எல்லாரும் அவளைச் சின்னவள் என்றுதான் சொல்வோம்) எதிரே உட்கார்ந்து கேலி பண்ணுவாள். "அக்காவுக்கு இருக்கறது வயிறு இல்லம்மா, கோர்ட்டு. சாட்சி விசாரிச்சுத்தான் உள்ள விடும்." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நல்ல கேலி, இல்லையென்று சொல்ல முடியாது.

அந்தச் சின்னவளுக்கும் அதே நோய் என்று டாக்டர் சொன்ன அன்று அவள் எனக்குத்தான் முதலில் போன் பண்ணினாள். அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். போனை வைத்த பிறகு எனக்குள் வந்த உணர்ச்சியை இங்கே எழுதியாக வேண்டும். சந்தோஷம். கொஞ்சம் அல்ல, நன்றாகவே. வாடி வா, இனிமேல் உனக்கும் தெரியும் என்கிற சந்தோஷம். (இந்த வாக்கியத்தை நான்கு தடவை அடித்து நான்கு தடவை திரும்ப எழுதியிருக்கிறேன்.)

அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அடுத்த ஞாயிறு அம்மா வீட்டுக்குப் போனேன். சமையலறையில் மாவு டப்பா இருந்த இடம் காலி. சல்லடை புதுசு, கரண்டிகள் புதுசு. பழைய மரப்பலகை போய், மேடைமேல் ஒரு புதுப் பலகை சாய்ந்திருந்தது, வெள்ளை வெளேரென்று, ஒரு கத்திக் கீறல்கூட இல்லாமல்.

"எப்பம்மா இதெல்லாம் மாத்தினே?"

"டாக்டர் சொன்ன அன்னிக்குச் சாயங்காலமே. சின்னவளுக்கு வேலை போயிடுமேடி."

"நான் ஆறு வருஷமா சொன்னேனேம்மா."

அம்மா உண்மையாகவே யோசித்தாள். பிறகு, "நீதான் எப்படியாச்சும் சமாளிச்சுக்குவியே, நீ கெட்டிக்காரி," என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

ஒரு பெண் இன்னொருத்தியின் புடவையைப் பார்த்துப் பொறாமைப்படலாம், வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படலாம். நான் ஒரு காய் நறுக்கும் பலகையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். கெட்டிக்காரிக்கு யாரும் பலகை வாங்கித் தருவதில்லை.

5

பதினான்காவது கடை.

அச்சகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஆறே மேசைகள் கொண்ட ஒரு சின்ன இடம். அடுப்படி ஒரு ஜன்னல் வழியாகத் தெரியும். சமைக்கிறவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். முதல் நாள் என் கேள்விகளை எல்லாம் கேட்டுவிட்டு, "இவ்ளோ பயம் இருக்கறவங்க எதுக்குங்க ஓட்டலுக்கு வர்றீங்க?" என்றார். நான் விடவில்லை. ஒரு வருடம் நடந்தேன். எனக்கென்று ஒரு சின்ன வாணலியை ஒதுக்கவைத்தேன். மற்ற மீன்களை அவர் மாவில் புரட்டிப் பெரிய வாணலியில் பொரிப்பார். என் உருளைக்கிழங்கும் என் மீனும் மாவில்லாமல், சின்ன வாணலியில், தனி எண்ணெயில். இந்த நகரத்தில் நான் சூடாக, பயமில்லாமல், பொரித்த ஒன்றைத் தின்ற ஒரே இடம் அதுதான்.

அவரே ஒருநாள் ஜன்னல் வழியாகச் சொன்னார். "சனிக்கிழமை மட்டும் வராதீங்கம்மா. சந்தைக் கூட்டம் மொத்தமும் இங்கதான் வரும். சின்ன வாணலி, பெரிய வாணலின்னு பாக்க முடியாது, எல்லாம் ஒரே எண்ணெயில போயிடும். அன்னிக்கு என் கை எனக்கே சொந்தமில்ல."

நோட்டில் எழுதினேன். மற்றதெல்லாம் ஒரு கோடு என்றால் இதற்கு இரண்டு கோடு போட்டேன். சனி கூடாது.

சின்னவளை அங்கே முதலில் கூட்டிப்போனது நான்தான். பெருமையாகக் கூட்டிப்போனேன், என் வீட்டைக் காட்டுகிற மாதிரி. அவள் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் ஜன்னலண்டை போய் நின்றுகொண்டு, "மாஸ்டர், மூணு அடுப்புல எது முடிஞ்சுதுன்னு எப்படி ஞாபகம் வச்சுக்கறீங்க? எனக்கு சிக்னல் பாக்கற டிரெயினிங்குக்கு இது உதவும்," என்று ஆரம்பித்தாள். மாஸ்டர் சிரித்தார். மாஸ்டருக்குப் பற்கள் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூன்றாவது தடவை அவள் தனியாகப் போனபோது அவர் அடுப்படியை விட்டு வெளியே வந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்து, முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துப் புதிதாக ஒன்று செய்துகொடுத்து, உப்பு சரியா என்று கேட்டாராம். அவளே சொன்னாள். என்னிடம் மூன்று வருடமாக அவர் உப்பைப் பற்றிக் கேட்டதில்லை.

அடுத்த வாரம் நான் போனேன். மேசையைத் துடைப்பதற்கு முன்னாலேயே கேட்டார்: "சின்னம்மா வரலையா?"

(இங்கே மாஸ்டரின் வழுக்கையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அநியாயமாகப் பட்டது. எடுத்துவிட்டேன். ஆனால் வழுக்கை இருக்கிறது.)

அவளிடம் சனிக்கிழமையைப் பற்றி மாஸ்டர் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நானும் பிறகு கேட்டேன். "நீங்க எல்லாம் சொல்லியிருப்பீங்களேன்னு விட்டுட்டேம்மா," என்றார். நியாயமான பதில்.

6

இனி நான் எழுதப் பயப்படுகிற பகுதி. மூன்று விதமாக எழுதியிருக்கிறேன்.

முதல் வரைவு. அக்கா நோட்டைத் திறந்து பதினான்கு கடைகளையும் போனில் வாசிக்கிறாள், தங்கை எழுதிக்கொள்கிறாள். கடைசிக் கடை வரும்போது வாசலில் யாரோ மணி அடிக்கிறார்கள். அக்கா எழுந்து போகிறாள். திரும்பி வந்து "முடிஞ்சுதுடி" என்கிறாள். சிவப்பு மைக் குறிப்பு மட்டும் வாசிக்கப்படாமல் போய்விடுகிறது. ஒரு மறதி, ஒரு வாசல் மணி. இந்த வரைவை என் அச்சகத்தில் எல்லாரும் ரசிப்பார்கள். ஆனால் அந்த மணியை அடித்தது யார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. நான் ஏற்பாடு செய்த ஆள்.

இரண்டாம் வரைவு. அக்கா சொல்கிறாள், தங்கை காதில் வாங்கவில்லை. பிழை முழுக்கத் தங்கையுடையது. இதை எழுதி முடித்த உடனே கிழித்துப் போட்டேன், அதனால் உங்களுக்குக் காட்ட முடியாது.

மூன்றாவது வரைவு இல்லை. நடந்ததுதான் இருக்கிறது.

அம்மாவின் பிறந்தநாள் ஒரு சனிக்கிழமை வந்தது. முந்தின நாள் மத்தியானம், அச்சகத்தில் என் மேசையில் இருக்கும்போது சின்னவள் கூப்பிட்டாள்.

"அக்கா, நாளைக்கு அம்மாவ மாஸ்டர் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். அம்மா வெளிய சாப்ட்டு எவ்ளோ நாளாச்சு!"

"சரி. எத்தனை மணிக்கு வரட்டும்?"

"நீயுமா? உனக்கு அந்த எடம் பழகிப் போனதுதானேன்னு நாங்க ரெண்டு பேர் மட்டும்னு... வாயேன் நீயும். வேலை இல்லாட்டி வா."

"வேலை இருக்கு," என்றேன். இல்லை.

"சரிக்கா. இரு இரு, வச்சுடாத. சனிக்கிழமை அங்க ஏதாச்சும் விஷயம் இருக்கா? உன் நோட்டப் பாத்துச் சொல்லேன்."

கேட்டாள். கவனியுங்கள், அவள் கேட்டாள். நோட்டு என் பையில் இருந்தது. எடுத்தேன், திறந்தேன். நான் போட்ட இரண்டு கோடு எனக்குத் தெரிந்தது. பிழை திருத்துகிற கண், ஒரு புள்ளி விட்டுப்போனால்கூடத் தெரியும். பக்கத்து மேசையில் பஞ்சிங் மெஷின் சத்தம். போனில் அவள் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றேன். "போயிட்டு வா."

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று நேர்மையாகச் சொல்ல முயல்கிறேன். அவள் வேலை போகட்டும் என்று நினைக்கவில்லை. வேலையைப் பற்றி நினைக்கவே இல்லை, சத்தியமாக. ஒரு தடவை படட்டும் என்று நினைத்தேன். நான் எத்தனையோ தடவை பட்டதில் ஒரே ஒரு தடவை. அதிலும் அந்தக் கடையில் படட்டும். அப்புறம் அங்கே போக மாட்டாள், அந்த இடம் திரும்ப என்னுடையதாகிவிடும். இவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்ன ஆசை.

7

சனிக்கிழமை அங்கே பரிமாறியவர் புது ஆள். சின்னவள் விசாரித்தாளாம், அம்மா பிறகு சொன்னாள்: "உருளைக்கிழங்குல மாவு எதுக்குங்க போடப்போறோம்னு அந்தாளு சிரிச்சாருடி. இவளும் அக்கா பட்டியல்ல இருக்கற கடை, பயமில்லன்னுட்டா." ஒரு முழுத் தட்டு தின்றிருக்கிறாள். நன்றாக இருந்தது என்று இன்னொரு அரைத் தட்டு.

ஒன்பது நாள் படுத்தாள். வாந்தி நிற்காததால் இரும்புச் சத்து மாத்திரை ஒன்றுகூட உள்ளே தங்கவில்லை. அதற்கு முந்தின வாரம் எடுத்த சோதனையில் பதினொன்று புள்ளி இரண்டு வந்திருந்தது, நாங்கள் மூன்று பேரும் அந்தச் சீட்டை மாற்றி மாற்றிப் பார்த்துச் சிரித்திருந்தோம். இப்போது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இந்த ஒரு தடவையால் எவ்வளவு இறங்கும் என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால், எப்படி ஆச்சு என்று அவர் திருப்பிக் கேட்பார்.

ஒன்பது நாளும் அச்சகத்துக்கு லீவு போட்டு அம்மா வீட்டிலேயே இருந்தேன். கஞ்சி வைத்தேன், துணி மாற்றினேன், வாளி கழுவினேன். அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்: "பெரியவ மட்டும் இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்." மூன்றாம் நாள் சின்னவள் வாளிமேல் குனிந்திருந்தாள், அம்மா ஒரு கையால் அவள் நெற்றியையும் இன்னொரு கையால் பின்னலையும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கதவருகே துண்டோடு நின்றேன். ஆறு வருடமாக நான் வாந்தி எடுத்தபோதெல்லாம் என் பின்னலை நானே பிடித்துக்கொண்டேன் என்று எனக்கு ஞாபகம் வந்தது. அவளை அந்தக் கதிக்கு ஆளாக்கியவள் நான், அவள் குடல் பிடுங்கிக்கொண்டு வருகிறது, அப்போதும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

இந்த ஒரு வரிக்காகவே இந்தக் கதையை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் கதையே வேண்டாம் என்றும் நினைத்தேன்.

பத்தாவது நாள், செவ்வாய்க்கிழமை, நான் என் வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவள் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா?

"பரவால்லடி. இனிமே பாத்துச் சாப்பிடு."

8

முடிவுகள்.

முடிவு அ: வியாழக்கிழமை பன்னிரண்டு வந்துவிடுகிறது. தங்கைக்கு வேலை கிடைக்கிறது. அக்கா நிம்மதியாக மூச்சுவிடுகிறாள், யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு பழையதைக் கிளறுவானேன் என்று...

நிறுத்திவிட்டேன்.

முடிவு ஆ: பன்னிரண்டு வரவில்லை. வேலை போகிறது. அக்கா காலில் விழுந்து அழுது உண்மையைச் சொல்கிறாள். தங்கை அவளைத் தூக்கி நிறுத்தி...

இதையும் நிறுத்திவிட்டேன். அவள் ஏன் என்னைத் தூக்கி நிறுத்த வேண்டும்? நான் என்ன அவள் எழுதிய பாத்திரமா?

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் பிழை கண்ணில் பட்டது. இரண்டிலும் நான் என்ன செய்வது என்பதை ஓர் ஆய்வுக்கூடச் சீட்டு முடிவு செய்கிறது. நல்ல எண் வந்தால் மறைப்பேன், கெட்ட எண் வந்தால் அழுவேன். நான் "ஒண்ணுமில்ல" என்று சொன்னபோது எந்தச் சீட்டும் என் கையில் இல்லை. அதனால் வியாழக்கிழமைக்கு முன்னால் சொல்லியாக வேண்டும் என்று முடிவு செய்தேன். வியாழனுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. பதற்றத்தில் இருக்கும் பெண்ணிடம் இந்த நேரத்தில் போய்ச் சொல்லலாமா என்றும் மனசு கேட்கிறது. என் மனசுக்கு எப்போதும் என் பக்கம்தான் வாதாடத் தெரியும்.

வாயால் சொல்ல எனக்கு வராது. அதற்குத்தான் இது. நான் எழுதும் எந்தக் கதையையும் முதலில் படிக்கிறவள் அவள்தான். "இந்த எடத்துல போரடிக்குதுக்கா" என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள். இதையும் முதலில் அவள்தான் படிக்கப் போகிறாள். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவள் படித்துவிட்டாள் என்று அர்த்தம். அதற்குமேல் எதையும் ஊகிக்காதீர்கள்.

9

இன்று ஞாயிற்றுக்கிழமை. மணி பன்னிரண்டு இருபது. பன்னிரண்டரைக்குச் சின்னவள் இங்கே சாப்பிட வருகிறாள், என் வீட்டுக்கு. சோறு வடித்துவிட்டேன். உருளைக்கிழங்கு பொரித்து மூடிவைத்திருக்கிறேன். மீன் அடுப்பில் இருக்கிறது. கதையில் இந்த இடம் வரைக்கும் வந்துவிட்டேன், தாள்கள் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கின்றன, அவற்றின் மேல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பது நாள் படுத்து எழுந்த பிறகு அவள் மாறிவிட்டாள். கடையில் மட்டுமல்ல, எல்லா இடத்திலும் கேட்கிறாள். போன புதன்கிழமை அம்மாவிடமே கேட்டாளாம்: "இந்தக் கரண்டி வேற எதுலயும் போடலையேம்மா? அந்தத் துணி மாவு தொடச்சது இல்லையே?" அம்மா என்னிடம் சொல்லி அங்கலாய்த்தாள். பெத்தவளையே சந்தேகப்படுறா பாரு என்றாள். மாஸ்டர் வீட்டுக்கே வந்து எட்டிப்பார்த்து, பழம் வாங்கிக்கொடுத்துவிட்டுப் போனபோது, அந்தப் பழத்தைக்கூட மூன்று தடவை கழுவித்தான் தின்றாள்.

என்னிடம் மட்டும் அவள் எதுவும் கேட்பதில்லை.

போன வியாழக்கிழமை மாலை நான் கஞ்சி கொண்டுபோனபோது, டப்பாவைத் திறந்தவுடன் குடித்தாள். "உன் கையால வந்தா கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடலாம்கா," என்றாள். கண்ணை மூடியும் காட்டினாள், விளையாட்டுக்கு.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், அதை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இந்தத் தாள்களை அவள் சாப்பிடுவதற்கு முன்னால் கொடுப்பதா, சாப்பிட்ட பின்னால் கொடுப்பதா?

முன்னால் கொடுத்தால், இந்தச் சோற்றை அவள் தொடாமல் போகலாம். இன்றைக்கு மட்டுமல்ல, என் கையால் இனி எப்போதும். இந்த நகரத்தில் அவள் கேள்வி கேட்காமல் சாப்பிடுகிற ஒரே இடம் இல்லாமல் போகும்.

பின்னால் கொடுத்தால், அவள் வயிறாரச் சாப்பிடுவாள். இந்தச் சோற்றில் எந்தத் தப்பும் இல்லை, நான் எல்லாவற்றையும் இரண்டு தடவை கழுவினேன். ஆனால் நான் யார் என்று தெரியாமல் என்னை நம்பி இன்னொரு தடவை அவள் சாப்பிட்டிருப்பாள். அதைப் படித்து முடித்துவிட்டு அவள் தட்டைப் பார்ப்பாள்.

கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவளுக்கு இதற்கு விடை தெரியவில்லை. இதை உங்களிடம் விடுகிறேன். எனக்காக யோசிக்காதீர்கள், அது என்னாலேயே முடியும். பசியோடு வருகிற ஒருத்தியாக உங்களை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். எப்போது தெரிய வேண்டும் என்று நினைப்பீர்கள்?

சீக்கிரம் சொல்ல வேண்டும். கேட் திறக்கிறது. செருப்பைக் கழற்றுகிறாள். எப்போதும் போல நேராக அடுப்படிக்குத்தான் போகிறாள், மூடியைத் திறக்கும் சத்தம் கேட்கிறது.

"அக்கா, பசி உயிர் போகுது. போடு."